வரைபடத்தில் காலியிடம்

நாகல்நகர், திண்டுக்கல்
8 ஜூன் 2025

அன்புள்ள சிவனம்மாளம்மாவுக்கு,

போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, இனி எதுவானாலும் எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் கடிதமே எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவுக்குச் சார்ஜ் ஏற்ற ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தேன். அந்த வீட்டு ஒயரிங் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்டது, மின்சார ஆட்டோவைத் தாங்காது என்று ஷோரூமில் மெக்கானிக்காக இருக்கும் ஆசாத் அண்ணன் அப்போதே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. மே மாதம் சுவிட்ச் போர்டு உருகிப் புகைந்தபோது மாடியில் குடியிருக்கும் முஹ்சினா அக்கா ஓடிவந்து மெயினை அணைத்தார். என் மகள் தமிழ்நிலா அந்தப் போர்டுக்குக் கீழேதான் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா உங்களுக்குத் தகவல் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் நீங்கள் சொன்னதில்தான். "ஒயரை எடு, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு." நான்கு வருடமாக உங்கள் பின் போர்ஷனில் இருக்கிறேன். உங்களைக் கேட்காமல் ஒரு ஆணி அடித்ததில்லை. அந்த ஒரு பேச்சில் நான்கு வருடமும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

இப்போது பழனி ரோட்டில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன். நிலக்கோட்டையிலிருந்து வரும் பூ மூட்டைகளைக் காலையில் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, உடனே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போகவேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இரண்டு நாள் தாமதம். ஒரு வீட்டில், நாங்கள் வேறு ஆட்டோ பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கமுத்து அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றும் வேனில் ஓட்டுநர் என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் அவர் வீட்டில் இருப்பதில்லை. வீடு என் ஆட்டோவில்தான் ஓடுகிறது.

ஆசாத் அண்ணன் ஒரு வழி சொன்னார். வாடகைக்கு விட்ட வீட்டில் உரிமையாளர் முறைப்படி சார்ஜர் வைத்தால் அரசு மானியம் தருகிறதாம். தனி மீட்டர், தனி ஒயர், பயமில்லை. குடியிருப்பவர் விண்ணப்பிக்க முடியாது, உரிமையாளர்தான் செய்யவேண்டும். விண்ணப்பத்தை வாங்கி எனக்குத் தெரிந்தவரை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அலைச்சல் எல்லாம் என்னுடையது.

இசைவாணி


தாம்பரம்
17 ஜூன் 2025

திருமதி இசைவாணி அவர்களுக்கு,

8-ஆம் தேதியிட்ட உங்கள் கடிதமும் விண்ணப்பமும் கிடைத்தன. விண்ணப்பத்தில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

மானியம் எனக்குத் தேவையில்லை. காரணம் சொல்லவேண்டிய கடமையும் எனக்கில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். "இரண்டு இடத்தில் போட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு இடத்துக்கும் மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்தீர்களா?

தவிரவும், கதவு எண்ணைப் பழைய எண்ணாக எழுதியிருக்கிறீர்கள். மாவட்டம் என்ற இடத்தில் நாகல்நகர் என்று இருக்கிறது.

ஆட்டோவை வேறு எங்காவது நிறுத்திச் சார்ஜ் ஏற்ற ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. இது பற்றி மேற்கொண்டு எழுதவேண்டாம்.

உருகிய போர்டை மாற்ற ஆள் வந்தாரா என்று தெரிவிக்கவும். அதுவரை பிள்ளையை அந்தச் சுவர்ப் பக்கம் விடவேண்டாம்.

சிவனம்மாள்


நாகல்நகர்
2 ஜூலை 2025

அம்மாவுக்கு,

போர்டை மாற்றியாயிற்று.

மேற்கொண்டு எழுதவேண்டாம் என்றீர்கள். இதை எழுதாமல் இருந்தால் முதுகுக்குப் பின்னால் செய்ததாக ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன். கடந்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டேன். வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், அரசே மானியம் தருகிற திட்டத்துக்குக்கூடச் சம்மதிக்க மறுக்கிறார், என் பிழைப்பு கெடுகிறது, வீட்டைப் பார்வையிட்டு வழி சொல்லுங்கள் என்று எழுதினேன். வாங்கிய அதிகாரி படித்துப் பார்த்து, ஆள் அனுப்புகிறோம் என்றார்.

உங்களைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் தப்புதான். ஆனால் நான் என்னதான் செய்வேன்? உங்கள் கைக்காசு கேட்கவில்லை. கையெழுத்து கேட்டேன். திருமதி, அவர்களுக்கு என்றெல்லாம் எழுதி, கதவு எண் தப்பு என்று திருத்தி அனுப்புகிறீர்கள். நீங்கள் ஊரில் இருந்தபோது என்னை "ஏத்தா" என்று கூப்பிட்டவர். தமிழ்நிலாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அந்தச் சிவனம்மாள் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

முஹ்சினா அக்கா என்னைத் திட்டினார். "அவுக வேணாம்னு சொன்னா அதுக்கு ஏதாச்சும் இருக்கும். நீ ஏன் அம்புட்டு அவசரப்படுற?" என்றார். எனக்கு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர்களுக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

இசைவாணி


தாம்பரம்
9 ஜூலை 2025

இசைவாணிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். இனி அதற்கு நேரமில்லை. உன் மனுவுக்கு யாராவது வந்து வீட்டை அளப்பார்கள். அளந்தால் தெரியப்போவதை என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

நீ குடியிருக்கிற பின் போர்ஷன் வரைபடத்தில் இல்லை.

அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்த இடம் காலியிடம். வீட்டுக்கும் பின் சுவருக்கும் நடுவில் விடவேண்டிய இடம். 2004-இல் என் வீட்டுக்காரர் பொம்மையன் அதில் இரண்டு அறையும் சமையலறையும் எழுப்பினார். நான் வேண்டாம் என்றேன். "எல்லாரும் கட்டுறாங்க, நமக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார். பிறகு சொத்துவரிக்கு வீட்டின் அளவை நாமே எழுதிக் கொடுக்கவேண்டிய ஒரு படிவம் வந்தது. அதில் அந்தப் பின்பகுதி இல்லை என்று எழுதி, மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று கையெழுத்துப் போட்டது அவர் இல்லை. நான். வீடு என் பெயரில் இருக்கிறது.

அதே வருடம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பழனிக்குமார் என்று ஒருவர் விவசாய உதவிக்கு விண்ணப்பித்திருந்தார். தம்பி பெயரில் இருந்த நிலத்தையும் தன்னுடையது என்று சேர்த்து எழுதிவிட்டார். தவறான தகவல் என்று குறிப்பெழுதி அதைத் திருப்பியது என் கை. அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒரு வார்த்தை பேசாமல் தாளை வாங்கிக்கொண்டு போனார். கெஞ்சியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நீ அனுப்பிய விண்ணப்பத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு மேலே இருப்பதைப் பார். "கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி உள்ளது என உறுதி அளிக்கிறேன்." ஒரு தடவை போட்டுவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது. உண்மையை எழுதினாலோ, உன் வீடு போய்விடும். அதனால்தான் காரணம் சொல்லவில்லை. நான் கஞ்சப் பிசினாறி என்று நீ நினைத்துக்கொண்டால் போகட்டும் என்று இருந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன் என்பதும் உண்மை.

மனுவைத் திரும்ப வாங்கு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. நீ யோசித்து எது சரியென்று படுகிறதோ அதைச் செய்.

சிவனம்மாள்


நாகல்நகர்
18 ஜூலை 2025

அம்மா,

உங்கள் கடிதத்தை ஆட்டோவில் உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு வீட்டுக்குள் போகவே கால் வரவில்லை. நான்கு வருடம் நான் கூட்டிப் பெருக்கிய இடம் தாளில் காலியிடமாம்.

திங்கட்கிழமை போய் மனுவைத் திரும்பக் கேட்டேன். மாநகராட்சிக்கு அனுப்பியாயிற்று, இனி இங்கே இல்லை என்றார்கள். நேற்று ஒருவர் டேப்போடு வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். சார்ஜர் வைக்க இடம் பார்த்தார். பிறகு கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"இது எப்பம்மா கட்டினது?" என்று கேட்டார்.

"தெரியாது சார். நான் வாடகைக்குத்தான இருக்கேன்" என்றேன்.

தெரிந்துகொண்டே சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை பொய் சொல்லிவிட்டு அதை இத்தனை வருடம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களே, அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கமுத்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நம்ம வீட்ட நாமளே மனு எழுதி இடிக்கச் சொல்லிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீடு தேட ஆரம்பித்திருக்கிறேன். நான்கு இடம் பார்த்தேன். மின்சார ஆட்டோ என்றதும், வண்டியை வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள், சார்ஜ் மட்டும் இங்கே கூடாது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களை மனசு வராதவர் என்று எழுதிவிட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியாமல் எழுதினேன். உங்களுக்கு அபராதம் வருமா? வேறு ஏதும் செய்வார்களா? பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாதே? இதை மட்டும் எழுதுங்கள்.

இசைவாணி


தாம்பரம்
6 ஆகஸ்ட் 2025

இசைவாணிக்கு,

பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது. அதை நினைத்துச் சோறு இறங்காமல் இருக்காதே.

நோட்டீஸ் வந்தது. என் மகன் பிரபு அன்றைக்கே ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு வந்தான். வழக்குப் போட்டால் பத்து வருடம் இழுக்கலாமாம். "ஊரெல்லாம் கட்டியிருக்காங்கம்மா. நீங்க மட்டும் ஏன் தலையக் குனியணும்?" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, அப்பா கட்டியது என்ற பாசம் அவனுக்கு. நான் இரண்டு நாள் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து நானே பதில் எழுதினேன். பின்பகுதி அனுமதியின்றிக் கட்டப்பட்டது, வரிப் படிவத்தில் நான் எழுதியது தவறு, அதற்குரிய வரியையும் அபராதத்தையும் கட்டிவிடுகிறேன், அந்தப் பகுதியை நானே அகற்றிவிடுகிறேன், குடியிருப்பவருக்கு மூன்று மாத அவகாசம் தரவேண்டும். நான்கே வரி. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கடிதம் எழுதியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக ஒன்று எழுதியதில்லை.

பிரபு ஒரு வாரமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. சரியாகிவிடும்.

இனி உன் விஷயம். வீடு தேடவேண்டாம். முன் போர்ஷனுக்குப் போய்விடு. அது வரைபடத்தில் இருக்கிறது. சாவி முஹ்சினாவிடம் இருக்கிறது, அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

அதை மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்கே தெரியும். எல்லோரிடமும், நான் வந்துபோக வேண்டும் என்று சொன்னேன். ஒரு தடவைகூட வந்து தங்கவில்லை. இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை, மருமகள் நல்ல பெண். ஆனாலும் நம் ஊரில் ஒரு கதவு நமக்கென்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது போயிற்று. அதை உனக்குத் தரும்போது கை கொஞ்சம் தயங்கியது. மறைக்கவில்லை. இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

உள்ளே இருக்கிற பீரோவையும் கட்டிலையும் நீ பயன்படுத்திக்கொள். அவருடைய சட்டைகள் இருக்கும், யாருக்காவது கொடுத்துவிடு. வாடகை பழையதே போதும். எப்போதாவது நான் வந்தால் ஒரு நாள் தங்க இடம் கொடுத்தால் சரி.

சிவனம்மாள்


நாகல்நகர்
28 செப்டம்பர் 2025

அம்மா,

முன் போர்ஷனுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் எல்லாச் சாமானையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு இருந்தோம். மற்ற அறைகளில் புழங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அய்யாவின் சட்டைகளைச் சலவைக்குப் போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்தேன், கசங்கலாகக் கொடுக்க மனசில்லை.

பின்பகுதியை இந்த வாரம் இடித்து முடித்தார்கள். தங்கமுத்து வேலைக்குப் போகாமல் கூடவே நின்றார். சமையலறைச் சுவர் விழுந்தபோது தமிழ்நிலா அழுதாள். நான் அழவில்லை, பிள்ளை முன்னால் அழக்கூடாதென்று. பின் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன் தன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வந்து, "இருபது வருஷத்துக்கப்புறம் எங்க அடுப்படிக்கு வெயில் வருதுத்தா" என்றார். உங்களையும் அய்யாவையும் அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய விண்ணப்பத்தின் புதுப் பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது. இந்த முறை நான் எதையும் நிரப்பவில்லை. ஆனால் முழுவதும் படித்தேன், உங்கள் கையெழுத்துக்கு மேலே இருப்பதையும். உங்களுக்கு மனசிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பழனி ரோட்டு வரிசை எனக்குப் பழகிவிட்டது, போய்க்கொள்கிறேன். இதற்காக இனி உங்களிடம் சண்டை போடமாட்டேன்.

இசைவாணி


தாம்பரம்
24 நவம்பர் 2025

இசைவாணிக்கு,

அக்டோபரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒப்புகை வந்தது. மானியம் கேட்டவர்கள் நிறையப் பேர், நம்முடையது வரிசையில் இருக்கிறதாம். வரட்டும், வராமலும் போகட்டும். அதற்காகச் சார்ஜரை நிறுத்தி வைக்கவேண்டாம் என்று ஆசாத்திடம் சொன்னது நான்தான். தனி மீட்டர் வைத்து, இடித்த இடத்தில் சார்ஜர் வேலை செய்கிறது என்று முஹ்சினா சொன்னாள். தன் தம்பியின் மின்சார ஸ்கூட்டரையும் அதில்தான் போடுகிறாளாம். சந்தோஷம்.

நான் எழுத வந்தது அதையல்ல.

ஊரை விட்டு ஏன் வந்தேன் என்று யாராவது கேட்டால், வயதாகிவிட்டது, மகன் கூப்பிட்டான் என்பேன். இந்த இரண்டு மாதமாக யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இறந்தபிறகு, பின் கதவைத் திறந்தால் அந்தச் சுவர்தான் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பது? நீ நல்லவளாகவும் இருந்து தொலைத்தாய், உன்னைக் காலி செய்யச் சொல்லவும் முடியவில்லை. அதனால் நான் காலி செய்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது அந்தச் சுவர் இல்லை. எனக்கு ஊருக்கு வரவேண்டும் போல இருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாளுக்கு இல்லை.

பிரபுவிடம் சொன்னேன். முதலில் கோபித்தான், பிறகு, உங்களுக்கு எது நிம்மதியோ அப்படி இருங்கள் என்றான். ஆனால் கேட்கவேண்டியது அவனை இல்லை. அந்த வீட்டை உனக்குக் கொடுத்துவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு, என் வீடுதானே என்று பெட்டியோடு வந்து நிற்பது முறையில்லை. ஆகவே முறைப்படி கேட்கிறேன். அறை ஒன்று. ஒரு ஆள், வயது அறுபத்தாறு. காலையில் காபி மட்டும் நானே போட்டுக்கொள்வேன். சமையலில் என் பங்குக்கு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கித் தருவேன். தமிழ்நிலாவுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன், அவளுக்கு விருப்பமிருந்தால்.

நீயும் தங்கமுத்துவும் கலந்து பேசி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது. காரணம் சொல்லவேண்டியதில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சிவனம்மாள்


நாகல்நகர்
1 டிசம்பர் 2025

அம்மா,

கடிதம் சனிக்கிழமை வந்தது. தங்கமுத்து ஊரில் இல்லை. கலந்து பேசி எழுது என்று நீங்கள் சொல்லியிருந்ததால் அவர் வரும்வரை பொறுத்திருந்து எழுதுகிறேன், யோசித்ததால் தாமதம் என்று நினைத்துவிடவேண்டாம்.

படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவுக வீட்டுக்கு அவுக வர்றதுக்கு நம்மகிட்டயா கேக்குறாக?" என்றார்.

"நமக்கு விட்ட வீடாச்சே. கேக்கத்தான செய்வாக" என்றேன்.

எனக்கே அப்படிச் சொல்ல வந்ததில் ஆச்சரியம். வீட்டுக்காரர்கள் நம்மிடம் கேட்பார்கள் என்று இதுவரை நான் நினைத்ததே இல்லை.

கிழக்குப் பக்கத்து அறையை ஒழித்துவிட்டோம். நீங்கள் முறைப்படி கேட்டதால் நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பூ மார்க்கெட்டுக்குப் போக நான் சீக்கிரம் எழுவேன், பாத்திரம் உருளும், எனக்கு மெதுவாக எதையும் செய்ய வராது. தங்கமுத்து சந்தையிலிருந்து வரும் நாளில் ஆட்டு வாடை வீடெல்லாம் இருக்கும். தமிழ்நிலா கணக்குக்கு ஒத்துக்கொள்ளமாட்டாள், இப்போதே சொல்லிவிட்டாள். சில நாள் நாம் சண்டை போடுவோம். அப்போது நீங்கள் உங்கள் அறைக்குள் போய் எனக்குக் கடிதம் எழுதக்கூடாது, நேரிலேயே திட்டிவிடவேண்டும்.

எத்தனை நாள் இருப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நாங்களும் கேட்கப்போவதில்லை.

பகல் வண்டியில் வாருங்கள். ஸ்டேஷனில் இறங்கி வேறு ஆட்டோவில் ஏறிவிடாதீர்கள். நான் வாரேன்.

இசைவாணி